டில்சன் குளமும் துர்வாலின் விரலும்

மற்றவர்கள் தூண்டிலால் மீன் பிடிப்பார்கள், என் மச்சான் துர்வால் ஆள்காட்டி விரலால் பிடிப்பார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது மிகையில்லை. தூண்டில் நரம்பை அந்த விரலின் மேல் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி அவர் படகின் முன்பலகையில் உட்கார்ந்தால், பத்தடி ஆழத்தில் ஈயக்குண்டு கல்மேல் ஏறுகிறதா, அல்லித் தண்டில் உரசுகிறதா, சில்லறை மீன் ரப்பர் புழுவின் வாலைக் கொறிக்கிறதா, பாஸ் என்கிற பெரிய மீன் வாயைத் திறந்து முழுசாக உள்ளே இழுக்கிறதா என்று சொல்லிவிடுவார். நான் அவருடைய தங்கை நத்தாலியாவைக் கட்டியவன். முப்பது வருடமாக அதே படகின் பின்பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். என் விரலுக்குக் கல்லும் மீனும் இன்றுவரை ஒன்றுதான். டில்சன் குளத்தின் அடியில் மீன் என்று நான் வெட்டி இழுக்காத கல் ஒன்றுகூட மிச்சமில்லை.

போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு மாசசூசெட்ஸ் வந்தவர் துர்வால். நகராட்சியின் சாலைத் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை. குளிர்காலம் முழுக்கப் பனியைத் தள்ளும் லாரியை ஓட்டுவார். குளத்தில் பனிக்கட்டி உடைந்த மறுநாள் படகை இறக்குவார். பேச்சு குறைவு. குளத்தைப் பற்றி மட்டும் கேட்டால் பேசுவார், கேட்காவிட்டாலும் பேசுவார். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை டிகிரி, கிரான்பெர்ரி வயல்காரர்கள் ராத்திரி பம்ப் ஓட்டினார்களா, இவ்வளவு தெரிந்தால் போதும், மீன் எங்கே நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்வார். சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுப் போன் ஓயாமல் அடிக்கும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

படகில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. அதற்குக் காரணமே நான்தான். கல்யாணமான புதிதில், அவர் நரம்பு ஓரமாக நகர்வதைப் பார்த்து, "மச்சான், கடிக்குது, இழுங்க!" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டு இழுத்தார். பெரிய மீன், வாயில் முள் ஏறுவதற்குள் துப்பிவிட்டுப் போய்விட்டது. லாரியில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

"என் நரம்பும் என் பல்லும் ஒண்ணு மாப்ளே. வலிச்சா எனக்குத் தெரியும். நீ சொல்ல வேணாம்."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்ததில்லை. எங்கள் பக்கத்துக் குளங்களில் எல்லாப் படகிலும் இந்த மரியாதை இப்போது உண்டு. அடுத்தவன் நரம்பைப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

போன நவம்பரில் துர்வாலுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலது கையின் பலமும் முக்கால்வாசி திரும்பியது. லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் பனி கொட்டியபோதெல்லாம் அவர் ஜன்னலருகே நின்று, வேறு யாரோ தன் தெருவில் பனியைத் தள்ளுவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விரலைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்: "எல்லாம் வந்துருச்சு."

வரவில்லை என்று எனக்கு ஈஸ்டர் அன்று தெரிந்துவிட்டது. அவர் மனைவி இல்டா கேல் கீரை சூப்பைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணங்களில் ஊற்றினாள். நாங்கள் எல்லோரும் துண்டால் பிடித்து வாங்கினோம். துர்வால் வெறும் கையால் வாங்கினார். ஆள்காட்டி விரல் முதல் கணு வரை சூப்புக்குள் முங்கியிருந்தது. அவர் பாட்டுக்கு, லிங்குயீசா தொத்திறைச்சியை இந்தத் தடவை எந்தக் கடையில் வாங்கினாய் என்று விசாரித்துக்கொண்டே மேஜைக்கு நடந்து வந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

அதே மேஜையில்தான் அவர் அந்த வாக்கைக் கொடுத்தார். இனிப்பு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நினைவு நாள் லீவுக்குள்ள ஒரு பாஸ். ஒண்ணே ஒண்ணு, நானே பிடிக்கணும். முடியலைன்னா படகைப் பக்கத்து வீட்டு வெண்டலுக்குக் கொடுத்துட்டு டிவி முன்னாடி உக்காந்துடுறேன்."

"இப்ப யாரு உங்களைச் சபதம் போடச் சொன்னா?" என்றாள் இல்டா. "நாள் முழுக்க நீங்க டிவி முன்னாடி உக்காந்தா, நான் எங்க போய் உக்காருறது?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சொன்னால் செய்கிற மனிதர் அவர். போரில் இறந்தவர்களுக்கான அந்த நினைவு நாள் மே மாதத்தின் கடைசித் திங்கள். ஏழு வாரம்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை படகை இறக்கினோம். இந்த வருடத்து வசந்தம் ஒரு கோணல் வசந்தம். பனிக்கட்டி மார்ச் தொடக்கத்திலேயே உருகிவிட்டது, பத்து நாள் வெயில் அடித்தது, பிறகு ஏப்ரலில் மறுபடி குளிர். தண்ணீர் ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட். துர்வால் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வெயிலை நம்பி மேல வந்த மீனு, குளிரு வந்ததும் பின்வாங்கியிருக்கும். ரொம்ப தூரம் போயிருக்காது. வடக்கு மூலைக்கு விடு மாப்ளே. அங்க அடியில கறுப்புச் சேறு, சீக்கிரம் சூடேறும். மூலைக்குள்ள போகாதே, வாசல்லயே நில்லு. பள்ளம் ஆரம்பிக்கிற விளிம்பு இருக்கு பாரு, அங்க."

"எவ்வளவு மெதுவா இழுக்கணும் மச்சான்?"

"இழுக்காதே. இழுக்கலாமான்னு யோசி. அது போதும்."

அவர் சொன்னபடி யோசித்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பாஸ் பிடித்தேன். இரண்டையும் திரும்ப விட்டேன். மூன்றாவது மீன் என்னிடம் வரவில்லை, அவரிடம் போனது. அவருடைய நரம்பு தண்ணீரைத் தொடும் இடம் ஒரு துடிப்புத் துடித்தது. பிறகு நரம்பு இடப்பக்கமாக, அவசரமே இல்லாமல், ஒரு முழம் நகர்ந்தது. துர்வால் கண்ணைப் பாதி மூடிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு நின்றது. மீன் துப்பிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் போல உட்கார்ந்திருந்தேன். அன்று இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தது.

கரையேறும்போது, "நல்ல மீனு மாப்ளே" என்று மட்டும் சொன்னார். அடுத்த புதன்கிழமை கூப்பிட்டால் முதுகு வலிக்கிறது என்றார். முதுகா வலித்தது? நான் இரண்டு பிடித்ததும் அவர் ஒன்றும் பிடிக்காததும் வலித்தது. முப்பது வருடத்தில் அவரைவிட நான் அதிகம் பிடித்த நாள் அது ஒன்றுதான். அந்தக் குளத்துக்கே அது அடுக்காது.

அன்று மாலை நான் ஒரு காரியம் செய்தேன். வேறு எந்தத் தூண்டில்காரனும் இதைச் செய்திருப்பான் என்று தோன்றவில்லை. வீடுகளின் கொதிகலன்களைப் பழுது பார்ப்பது என் வேலை, குறடுக்குப் பஞ்சமில்லை. என் பெட்டியிலிருந்த தூண்டில் முள் ஒவ்வொன்றையும் எடுத்து, வளைவோடு சேர்த்து நறுக்கினேன். காம்பு மட்டும் மிச்சம். அதில் ரப்பர் புழுவைக் கோத்தால் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. மீன் கடிக்கும், இழுக்கும், சலித்துப்போய் விட்டுவிடும். நானும் சும்மா, அவரும் சும்மா. இருவரும் பூஜ்யம் என்றால் குற்றம் குளத்தின் மேல் போய்விடும் அல்லவா? என்னுடைய புத்தி அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவரிடம், "மச்சான், மீன் இன்னும் சரியா மேல வரல போல" என்றேன். முதுகு வலி போய்விட்டது.

ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் போனோம். அந்த ஆறு வாரத்தில் டில்சன் குளம் ஆறு குளமாக மாறியது. தெற்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தபோது, மேல்தண்ணீரின் சூடெல்லாம் எதிர்க்கரைக்குப் போயிருக்கும், அங்கே போ என்றார். மே தொடக்கத்தில் இரண்டு ராத்திரி உறைபனி விழுந்தது. வயல்காரர்கள் கிரான்பெர்ரி மொட்டைக் காப்பாற்ற விடிய விடியப் பம்ப் ஓட்டிக் குளத்துத் தண்ணீரைச் செடிமேல் தெளித்தார்கள். காலையில் கரைக்கல்லில் நான்கு விரல் அகலத்துக்கு ஈரக்கோடு தெரிந்தது. துர்வால் அந்தக் கோட்டைப் பார்த்து, "தண்ணி எறங்கினா மேட்டுல இருக்கிற மீனுக்குப் பயம் வந்துரும். விளிம்புக்கு எறங்கியிருக்கும்" என்றார். பைன் மரத்து மகரந்தம் குளத்தின் மேல் மஞ்சளாகப் படிந்த வாரம், ஆண் மீன்கள் கரையோரம் வாலால் மணலைத் துடைத்துக் கூடு போட்டுக் காவல் இருந்தன. கூட்டில் இருப்பதை நாங்கள் தொடுவதில்லை. கூட்டுக்கு வெளியே, ஆழம் தொடங்கும் இடத்தில், முட்டையிட இன்னும் முறை வராத பெண் மீன்கள் நிற்கும், அங்கே போடு என்றார்.

போட்ட இடத்தில் எல்லாம் மீன் இருந்தது. என் முள்ளில்லாத புழுவை மீன்கள் மென்று துப்பின. அவருடைய நரம்பு இடமும் வலமும் நடந்தது. நான் கரையில் பறவை பார்ப்பது போலத் தலையைத் திருப்பிக்கொள்வேன். அவர் முள்ளைத் தூக்கிப் பார்ப்பார், திரும்ப எறிவார்.

வேறு இரை போட்டால் என்ன என்று ஒரு நாள் ஜாடையாகக் கேட்டேன். வேகமாக இழுக்கும் மீன் பொம்மையைப் போட்டால் மீன் தானாகவே மாட்டிக்கொள்ளும், விரல் தேவையில்லை.

"அது தபால் பெட்டியில காகிதம் போடுற மாதிரி மாப்ளே," என்றார். "யாரு வேணும்னாலும் போடலாம்."

மே நடுவில் ஒரு நாள் அவர்கள் வீட்டுக் கொதிகலனைப் பார்க்கப் போயிருந்தேன். துர்வால் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். இல்டா அடுக்களையில் என்னை உட்கார வைத்துக் காப்பி ஊற்றினாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"என்ன சொல்லணும்?"

"போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறாரு. மீன் எங்கன்னு கேட்டு யாராச்சும் கூப்பிட்டா, அவருக்குத் தெரியாதுன்னு என்னைச் சொல்லச் சொல்றாரு. நேத்து கடைக்குப் போயிட்டு வந்தவரு, சரியான சாமானத்தைத்தான் வாங்கியிருக்கேனான்னு மூணு தடவை கேட்டாரு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. வெண்டலைக் கூப்பிட்டுப் படகைக் காட்டியும் விட்டாரு. பயமா இருக்கு அண்ணே."

"ஒரு மீன் கெடைச்சா எல்லாம் சரியாயிடும்," என்றேன். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? காப்பியைக் குடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நினைவு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை. தண்ணீர் அறுபத்தாறு டிகிரி, காற்றே இல்லை. அவர் என்னை எங்கும் விடச் சொல்லவில்லை.

"நீயே ஒரு எடம் பாரு," என்றார். அதைக் கேட்டபோதே எனக்கு ஏதோ போல் இருந்தது. முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

நான் மேற்குக் கரையில் நிறுத்தினேன். காப்பி ஊற்ற நான் குனிந்தபோது என் தூண்டில் கோல் சரிந்து தண்ணீரில் விழப் பார்த்தது. அவர் இடது கையால் எட்டிப் பிடித்தார். நுனியில் தொங்கிய புழு ஆடி அவர் புறங்கையில் வந்து பட்டது. முள் குத்துமே என்று அவர் கை தானாகப் பின்வாங்கியது. குத்தவில்லை. புழுவைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பிதுக்கிக் காம்பை வெளியே எடுத்தார். நறுக்கிய முனை வெயிலில் மின்னியது.

நான் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தேன். குவளை நிரம்பி என் காலணியில் வழிந்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

"ஈஸ்டர் முடிஞ்ச ரெண்டாவது வாரத்துலேருந்து."

"அப்ப உனக்குக் கடி இருந்துச்சு."

"இருந்துச்சு மச்சான்."

அவர் தன் கோலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு?"

"உங்களுக்கும்."

"நீ பாத்தே."

"பாத்தேன்."

"பாத்துட்டு ஆறு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தே. நான் கெட்டுப்போன கையோட வந்தேன். நீ முள்ளே இல்லாம வந்திருக்கே. ரெண்டு பேருல எவன்டா மோசம்?"

படகு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வலது ஆள்காட்டி விரலை இடது கை நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்து வெள்ளையானது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்ப விரல் செத்துப்போச்சு."

"ஆமா மச்சான்."

"விரல் மட்டும்தானா?"

எனக்குப் புரியவில்லை.

"டேய், நான் சொன்ன எடத்துல மீன் இருந்துச்சான்னு கேக்குறேன். முத நாளுக்கப்புறம் நான் சொன்ன எடத்துல ஒண்ணும் இல்லை. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. குளம் எனக்கு மறந்துபோச்சு, தலையும் போயிருச்சுன்னு நெனைச்சேன்டா. ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு என் தெருப் பேரு, இல்டாவோட பொறந்த நாளு, எல்லாத்தையும் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த நிமிடம் குளம் என்னை விழுங்கியிருந்தால் நல்லது என்று தோன்றியது. அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் நான் வாரம் இரண்டு முறை திருடியிருக்கிறேன்.

"இருந்துச்சு மச்சான்," என்றேன். "நீங்க சொன்ன எடத்துலதான் இருந்துச்சு."

அவர் நம்பவில்லை. ஒவ்வொரு நாளாகக் கேட்க ஆரம்பித்தார். தேதி, காற்று, தண்ணீர் எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"முத நாளு, வடக்கு மூலை வாசல்ல?"

"உங்களுக்கு மூணு தடவை."

"தெக்குக் காத்து அடிச்சுதே, எதிர்க்கரையில?"

"எனக்கு ரெண்டு, உங்களுக்கு ஒண்ணு. பெரிசு. நரம்பு படகுக்கு அடியிலயே போச்சு."

"பம்ப் ஓடின மறுநாளு? விளிம்புல?"

"உங்களுக்கு நாலு மச்சான்."

"நாலா!" என்றார். ஒரு தடவை சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாளையும் கேட்டார். படகு தன் பாட்டுக்கு மிதந்து அல்லி இலைகளுக்குள் போய் நின்றது. யாரும் தூண்டிலைத் தொடவில்லை.

"அன்னையர் தினத்துக்கு முந்துன நாளு. கெழக்குக் கரை, அல்லித் தண்டுக்கு நடுவுல. அங்க இருந்துச்சா?"

இருந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று கூடினால் என்ன? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை மச்சான். அன்னைக்கு ஒண்ணுமே இல்லை. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

துர்வால் தலையை மெதுவாக ஆட்டினார். "எனக்கும் அன்னைக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றார். "தண்ணி ரொம்பத் தெளிவா இருந்துச்சு." அந்த ஒரு 'இல்லை'யைக் கேட்ட பிறகுதான் அவர் மற்ற பதினொன்றையும் நம்பினார். தோள் இரண்டும் கீழே இறங்கின. என்னிடமிருந்து காப்பியை வாங்கி, இடது கையால், ஆறிப்போனதை ஒரே மூச்சில் குடித்தார்.

திரும்பி வந்து வீட்டுப் பின்வாசலில் ஏறியபோது இல்டா கதவில் நின்றாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏதாச்சும் கெடைச்சுதா?"

"இல்லை," என்றார் துர்வால். காலணியைக் கழற்ற உட்கார்ந்தவர், அப்படியே நிமிர்ந்து பார்த்தார். "வெண்டல்கிட்ட படகு கிடையாதுன்னு சொல்லிடு. மீன் எங்க இருக்குன்னு கேட்டான்னா, என்னைக் கூப்பிடு. நான் சொல்றேன்."